கத்திச் சொல்வதா, காதோடு சொல்வதா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "ஒரு வெளிநாட்டு அரசு தன் மக்களிலேயே ஒரு சிறிய ஆன்மிகக் குழுவைக் குறிவைத்துச் சிறையில் போடுகிறது, வேலையிலிருந்து விரட்டுகிறது. மற்ற நாடுகள் கண்டன அறிக்கை விடுவதால் ஏதாவது நடக்குமா, இல்லை சும்மா ஒப்புக்குச் செய்வதா?" என்று தொடங்கி, கடைசியில் போகிற போக்கில் "கண்டித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு அடி இன்னும் அதிகமாகாதா?" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். நாம் வாய் திறந்தால் அவர்களைக் காப்பாற்றுகிறோமா, மாட்டிவிடுகிறோமா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் வைத்திருப்பவர்களை நம்பாதீர்கள், நான் உட்பட.

நான் தூதரும் இல்லை, வெளியுறவு அதிகாரியும் இல்லை. மத உரிமை மீறல்கள் பற்றிய ஆவணங்களைத் தொகுத்து, சரிபார்த்து, ஐ.நா. மனித உரிமைக் கூட்டங்கள் நடக்கும் ஜெனிவாவில் பல நாட்டு அதிகாரிகள் கையில் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. அவர்கள் தாளை வாங்கிக்கொண்டு மூடிய அறைக்குள் போவார்கள், நான் வெளியே காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். அதனால் கதவுக்கு இந்தப் பக்கம் நடப்பதை உறுதியாகச் சொல்வேன். அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் பின்னாளில் வெளிவந்த பதிவுகளையும் உள்ளே போய் வந்தவர்கள் சொன்னதையும் வைத்துத்தான்.

சரி, 1983-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரே ஆண்டு, ஒரே அமெரிக்க அதிபர், இரண்டு வழக்குகள். ஈரானில் பஹாய் என்ற சிறுபான்மைச் சமயத்தவர்களை 1979 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு வேட்டையாடிக்கொண்டிருந்தது. ஷிராஸ் நகரில் 22 பேருக்கு மரண தண்டனை என்ற செய்தி ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மே 22-ம் தேதி ரீகன் வெளிப்படையாக ஓர் அறிக்கை விட்டு, அவர்களைக் கொல்ல வேண்டாம் என்று ஈரானைக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஈரானின் உச்சத் தலைவர் கொமேனி தன் உரையில் அதையே எடுத்துக் காட்டினார்: ரீகன் இவர்களுக்காக இப்படிப் பதறுகிறார் என்றால் இவர்கள் உளவாளிகள்தான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்கிற ரீதியில். ஜூன் 16-ல் ஷிராஸில் 6 ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். ஜூன் 18-ல் 10 பெண்களை. அவர்களில் மிக இளையவளுக்கு வயது 17, அவள் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று குழந்தைகளுக்குச் சமய வகுப்பு எடுத்தது.

இன்னொரு வழக்கு மாஸ்கோவில். சைபீரியாவைச் சேர்ந்த இரண்டு பெந்தகோஸ்தே குடும்பத்தினர், மொத்தம் 7 பேர், 1978 ஜூன் 27-ல் காவலர்களைத் தாண்டி அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிப்போனார்கள். வெளியே வந்தால் கைது, நாட்டை விட்டுப் போக அனுமதியும் இல்லை. தூதரகத்தின் அடித்தளத்தில் ஒரு சின்ன அறையில் ஏறத்தாழ 5 வருடம் கழித்தார்கள். அறிக்கைகள் வந்தன, ஊர்வலங்கள் நடந்தன, உள்ளேயே உண்ணாவிரதமும் நடந்தது. 1983 பிப்ரவரியில் ரீகன் சோவியத் தூதர் டோப்ரினினை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். பிறகு வெளிவந்த பதிவுகளின்படி அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இவர்களை விட்டுவிடுங்கள், நான் ஜெயித்துவிட்டேன் என்று மார்தட்ட மாட்டேன். ஏப்ரலில் அவர்கள் தூதரகத்தை விட்டு வெளியே வந்தார்கள், கோடைக்குள் இரண்டு குடும்பங்களும் நாட்டை விட்டே போய்விட்டன. ரீகனும் வாக்கைக் காப்பாற்றினார், வாயைத் திறக்கவில்லை.

இதை மட்டும் கேட்டால் "பார்த்தீர்களா, காதோடு சொன்னால்தான் காரியம் நடக்கும்" என்று சொல்லத் தோன்றும். வெளியுறவு அமைச்சகங்களுக்கு இந்தப் பாடம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கும் இதே பெயரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. ஷிராஸில் தண்டனை ரீகன் பேசுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அவர் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, அவருடைய பேச்சு ஒரு சாக்காகப் பயன்பட்டது என்பது மட்டும் நிச்சயம். மாஸ்கோவிலும், அந்த 5 வருடச் சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 7 பேர் அதிபருடைய மேசை வரைக்கும் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். காதோடு சொன்னவருக்குச் சொல்ல விஷயம் கிடைத்ததே வெளியே கத்தியவர்களால்.

இரண்டு வழக்குகளும் வேறு வேறாக முடிந்ததற்குப் பகை உறவு என்பதும் காரணம் இல்லை. டோப்ரினினிடம் பேசிய மூன்று வாரத்தில் இதே ரீகன் சோவியத் யூனியனைத் தீய சாம்ராஜ்யம் என்று மேடையில் சொன்னார், அப்படியும் அந்தக் காரியம் கெடவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மாஸ்கோவில் அமெரிக்காவுக்குத் தூதரகம் இருந்தது, பேச ஆள் இருந்தது, கொடுக்கல் வாங்கலுக்குப் பொருள் இருந்தது, முக்கியமாக எதிராளிக்கு முகம் கோணாமல் பின்வாங்க ஒரு வழி வைத்திருந்தார்கள். தெஹ்ரானில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. 1980-லேயே உறவு அறுந்துவிட்டது, 52 தூதரகக்காரர்களை 444 நாள் பிணை வைத்த கதை அப்போதுதான் முடிந்திருந்தது. அமெரிக்க உளவாளி என்று ஏற்கெனவே முத்திரை குத்தப்பட்டவனுக்கு அமெரிக்க அதிபரே சிபாரிசு செய்தால் என்ன ஆகும்? அதே கோரிக்கை ஈரானோடு எண்ணெய் வாங்கிக்கொண்டு சகஜமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாட்டிடமிருந்து போயிருந்தால் குறைந்தபட்சம் அந்தச் சாக்காவது கிடைத்திருக்காது. அதனால் என்னிடம் யாராவது யோசனை கேட்டால், சத்தத்தின் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது "யார் வாயால் சொல்லப் போகிறோம்?" என்பதைத்தான். தன் பெயரில் சொல்லாமல் இன்னொரு நாட்டின் பெயரில் சொல்ல வைப்பது அமைச்சர்களுக்குக் கசக்கும். பெருமை போய்விடும் இல்லையா.

இது புதிய பாடமும் இல்லை. ஒட்டோமான் பேரரசில் இருந்த கிறிஸ்தவர்களுக்கு நாங்கள்தான் பாதுகாவலர் என்று ரஷ்யாவும் பிரான்ஸும் போட்டி போட்டுக்கொண்டு உரிமை கொண்டாடின, 1853-ல் கிரிமியப் போருக்கு அதுவே ஒரு சாக்காகவும் ஆனது. பாதுகாவலர்கள் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டார்கள், அங்கே வாழ்ந்த மக்கள் மீது அந்நியக் கைக்கூலி என்ற சந்தேகம் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது.

அடுத்து, வர்த்தகத்தை வைத்து அழுத்துவது. இங்கேதான் எனக்கே இரண்டு மனது. 1974-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஜாக்சன்-வானிக் திருத்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தன் மக்களை வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்பது அதன் சாரம், மனதில் வைத்திருந்தது சோவியத் யூதர்களை. அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் இதைக் கடுமையாக எதிர்த்தார், நான் சத்தமில்லாமல் பேசி நிறையப் பேரை வெளியே கொண்டுவந்துகொண்டிருக்கிறேன், இது கெடுத்துவிடும் என்றார். எண்ணிக்கையைப் பாருங்கள்: 1973-ல் சுமார் 35,000 பேர் வெளியேறினார்கள், 1975-ல் அது 13,000 அளவுக்கு விழுந்தது. கிஸ்ஸிஞ்சர் சொன்னது சரி என்று தோன்றுகிறதா? அதே சட்டம் அமலில் இருக்கும்போதே 1979-ல் 51,000 பேர் வெளியேறினார்கள். அப்புறம் ஆப்கானிஸ்தான் படையெடுப்பு, உறவு முறிவு, 1984-ல் ஆயிரம் பேர்கூடப் போகவில்லை. சட்டம் ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் ஏறி இறங்கியிருக்கிறது. சட்டத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இதே புள்ளிவிவரத்தை வைத்துத்தான் இன்றும் சண்டை போடுகிறார்கள். நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: எதிராளிக்கு நம்மிடம் ஏதோ வேண்டியிருக்கும் காலத்தில் கதவு திறக்கிறது, வேண்டியதில்லை என்று ஆகிவிட்டால் எந்தச் சட்டமும் அதைத் திறக்காது.

"இது எங்கள் உள்விவகாரம்" என்ற பதில் கட்டாயம் வரும், அதற்குத் தயாராகப் போக வேண்டும். நாடுகளின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்கிற ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவைக் காட்டுவார்கள். அதற்கு நேரான பதில் 1993 வியன்னா பிரகடனம். மனித உரிமைகளைப் பேணுவது சர்வதேசச் சமூகத்தின் நியாயமான அக்கறை என்று அதில் 171 நாடுகள் ஒருமனதாக ஒப்புக்கொண்டன, சீனாவும் ஈரானும் அதில் சேர்த்தி. ஆனால் பொதுவாகப் பேசுவதைவிட அந்த நாடு எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பேசுவது மேல். குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை ஈரான் 1975-லேயே ஏற்றுக்கொண்டது, புரட்சிக்குப் பிறகும் விலகவில்லை, ஆகவே மதச் சுதந்திரம் பற்றிய அதன் 18-வது பிரிவை நேராக எடுத்து வைக்கலாம். சீனா அதில் 1998-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. அங்கே போய் 18-வது பிரிவைப் படித்தால் சிரிப்பார்கள். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை அவர்கள் 1988-ல் உறுதிசெய்திருக்கிறார்கள், அவர்களுடைய அரசியலமைப்பின் 36-வது பிரிவே மத நம்பிக்கைச் சுதந்திரம் பற்றிப் பேசுகிறது, அவற்றைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஒடுக்குகிற அரசு ஒருபோதும் "மதத்துக்காக ஒடுக்குகிறேன்" என்று சொல்லாது. ஈரானில் பஹாய் என்றால் உளவாளி. சீனாவில் 1999 ஜூலையில் தடை செய்யப்பட்ட, தியானமும் மூச்சுப் பயிற்சியும் செய்கிற ஃபாலுன் கோங் என்ற ஆன்மிக இயக்கம் ஒரு தீய வழிபாட்டுக் கூட்டம். ரஷ்யாவில் 2017-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தீவிரவாதிகள். பாகிஸ்தானில் 1984-ம் ஆண்டு அவசரச் சட்டப்படி, தங்களை முஸ்லிம்கள் என்று கருதினாலும் அரசு அப்படி ஏற்காத அஹ்மதி பிரிவைச் சேர்ந்த ஒருவர் தன் வழிபாட்டு இடத்தை மசூதி என்று சொன்னாலே 3 வருடம் வரை சிறை. பேசப் போகிறவர் அந்த வார்த்தைகளைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிவிடக் கூடாது, "அது உண்மையான மதமா, இல்லை வெறும் மூச்சுப் பயிற்சிக் கூட்டமா" என்ற விவாதத்துக்குள்ளும் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பழைய மதமோ புதிய மதமோ, கடவுள் உண்டு என்பவரோ இல்லை என்பவரோ, எல்லோருக்கும் இதே பாதுகாப்புதான். அவர்களுடைய போதனை எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது இங்கே பொருட்டே இல்லை. சிலருடைய போதனை எனக்கு அறவே பிடிக்காது, அவர்களுக்கும்தான் வேலை செய்திருக்கிறேன்.

ஐ.நா. மேடையைப் பற்றி ஒரு வார்த்தை. 1990-களில் சீனாவைக் கண்டிக்கும் தீர்மானத்தை அன்றைய மனித உரிமை ஆணையத்தில் மேற்கத்திய நாடுகள் கிட்டத்தட்ட வருடா வருடம் கொண்டுவந்தன, ஒன்றுகூட நிறைவேறவில்லை. 1995-ல் மட்டும் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. 1997-ல் டென்மார்க் முன்னெடுத்தபோது பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் நழுவிவிட்டன. அதற்கப்புறம் ஐரோப்பா "மனித உரிமைப் பேச்சுவார்த்தை" என்ற பெயரில் மூடிய அறைக்குப் போனது, 30 சுற்றுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. அதில் விடுதலையானவர்கள் சிலர் உண்டு என்பார்கள், ஆனால் அந்த அறையில் பேசுவதே பலன் என்று ஆகிவிட்டது என்பதுதான் நான் பார்த்தது. 2022 அக்டோபரில், அந்த ஆணையத்துக்குப் பதிலாக வந்த மனித உரிமை மன்றத்தில், சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்கள் நடத்தப்படும் விதம் பற்றி வெறும் விவாதம் நடத்தலாமா என்ற தீர்மானமே 17-க்கு 19 என்று தோற்றது, 11 நாடுகள் வாக்களிக்கவில்லை. எதிர்த்து வாக்களித்தவற்றில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார் என்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகளும் இருந்தன. ஒரே மதம் என்றால் குரல் கொடுப்பார்கள் என்பது வெளியே இருப்பவர்களின் கற்பனை.

அப்படியானால் இந்த மேடைகள் எல்லாம் வீண்தானா? இதற்குத்தான் திரும்பவும் பஹாய்களிடம் வருகிறேன், நீண்ட காலத்துக்குப் பின்தொடர்ந்து பார்க்க முடிகிற வழக்கு அது. 1979-லிருந்து கொல்லப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல், அதில் பெரும்பகுதி முதல் 6 வருடங்களுக்குள். 1985-லிருந்து ஐ.நா. பொதுச் சபை ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் ஈரானைப் பற்றித் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறது. தூக்குத் தண்டனைகள் குறைந்தன. 1991-ல் ஈரானின் உயர் பண்பாட்டுப் புரட்சி மன்றம் ஒரு ரகசியக் குறிப்பு எழுதியது, 1993-ல் ஈரானின் மனித உரிமை நிலையைக் கண்காணித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் அதை வெளியிட்டுவிட்டார். அதைப் படித்தால் ஒரு நிர்வாக அதிகாரியின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். காரணமில்லாமல் அவர்களைக் கைது செய்ய வேண்டாம், நாட்டை விட்டுத் துரத்தவும் வேண்டாம் என்கிறது. அடுத்து, அவர்கள் முன்னேறுகிற வழியை அடைக்க வேண்டும், பஹாய் என்று தெரிந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க வேண்டும் என்கிறது. தூக்குக் கயிற்றிலிருந்து கல்லூரி வாசலுக்கு மாறியிருக்கிறார்கள். பிற்காலத்தில் நுழைவுத் தேர்வு எழுதிய பஹாய் மாணவர்கள் மதிப்பெண் பார்க்க இணையதளத்தைத் திறந்தால் "உங்கள் கோப்பு முழுமையடையவில்லை" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். எந்தத் தாள் குறைகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியுலக அழுத்தம்தான் கொலையை நிறுத்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஈராக்கோடு நடந்த போர் முடிந்தது, ஆட்சி நிலைபெற்றது, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பில் இருக்கும் ஜாக்கிரதை, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தவனுடைய ஜாக்கிரதை. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கல்லூரி இல்லாமல் போனவர்கள் 1987-லேயே வீட்டு வரவேற்பறைகளில் தாங்களாகவே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டார்கள். செத்துப்போனவர்களால் அது முடியாது.

நடைமுறைக்கு வருகிறேன். ஒரு வெளியுறவு அமைச்சர் அந்த நாட்டுக்குப் பயணம் போகிறார் என்று வையுங்கள். அவருக்கு முழு அறிக்கை கொடுத்தால் படிக்க மாட்டார். ஒரே ஒரு பக்கம், அதில் ஐந்தாறு பெயர். இந்தப் பட்டியல்தான் உண்மையான ஆயுதம். ஒருமுறை நாங்கள் அப்படி ஒரு பட்டியல் கொடுத்தோம், இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: மூன்றாவது பெயரில் உள்ளவர் அப்படியொரு சிறையில் இல்லை. எங்களுக்கு ஆத்திரம், பொய் சொல்கிறார்கள் என்று. பிறகு உட்கார்ந்து தோண்டினால், தவறு எங்களுடையது. அதே பெயரில் அந்த மாகாணத்தில் இரண்டு பேர், நாங்கள் தகப்பனார் பெயரைப் போடவில்லை, பிறந்த தேதியில் அவர்கள் நாள்காட்டியை நம் நாள்காட்டிக்கு மாற்றும்போது ஒரு வருடம் பிசகியிருந்தது. அவர்களுக்குத் தட்டிக் கழிக்க நாங்களே வழி செய்து கொடுத்திருந்தோம். உள்ளே இருந்தவர் அதற்காக இன்னும் ஒரு பருவம் காத்திருந்தார். அதிலிருந்து என் பட்டியலில் சொந்த எழுத்தில் பெயர், தகப்பனார் பெயர், அவர்கள் நாள்காட்டியிலேயே பிறந்த தேதி, வழக்கு எண், எந்தச் சிறை, எந்தப் பிரிவு, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது வரை இருக்கும். மருந்து ஏன் என்றால், "விடுதலை செய்யுங்கள்" என்பதற்கு முடியாது என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம், "இந்த இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்க அனுமதியுங்கள்" என்பதற்கு முடியாது என்று சொல்ல அவர்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஒரு முறை சரி என்று சொல்லிவிட்டால், அந்தக் கைதி அங்கே இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகிறது.

பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு முன் குடும்பத்தைக் கேட்டாக வேண்டும். சில குடும்பங்கள் வேண்டாம் என்பார்கள், உள்ளூரிலேயே யாரையோ பிடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்போது எவ்வளவு நல்ல வழக்காக இருந்தாலும் எடுத்துவிட வேண்டியதுதான். உங்கள் கடைசி வரிக்கு என்னிடம் உள்ள நேரான பதில் இதுதான்: அடி அதிகமாகுமா என்பதை ஊகிக்கும் உரிமை நமக்கு இல்லை, அதை வாங்கப் போகிறவர்கள் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் பேசுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். பேச வேண்டாம் என்று சொன்னவர்களையும் சந்தித்திருக்கிறேன்.

எதிராளியின் சம்மதமே தேவைப்படாத காரியங்கள் சில உண்டு, அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1959 மார்ச் கடைசியில் தலாய் லாமா எல்லையைத் தாண்டி வந்தபோது நேரு புகலிடம் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் அயர்லாந்தும் மலாயாவும் திபெத் பற்றி ஐ.நா.வில் தீர்மானம் கொண்டுவந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அன்றைக்கு இது கோழைத்தனம் என்று பலர் திட்டினார்கள், இன்றும் திட்டலாம், எனக்கும் அந்த வாக்கில் உடன்பாடு இல்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், ஆதரித்து வாக்களித்த 45 நாடுகளில் எத்தனை நாடுகள் பல்லாயிரம் பேருக்கு இடமும் பள்ளிக்கூடமும் மடங்களும் கொடுத்தன? அதே போல 1980-களில் ஈரானியத் தூதரகங்கள் வெளிநாட்டிலிருந்த பஹாய்களின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறுத்தபோது, கனடாவும் ஆஸ்திரேலியாவும் அவர்களுக்கென்று தனி வழி திறந்து எடுத்துக்கொண்டன. தலைப்புச் செய்தி ஆகாத வேலை, ஆனால் யார் உயிர் பிழைத்தது என்று பெயர் சொல்லிக் காட்டலாம்.

புகலிடம் கேட்டு வருகிறவரிடம் "ஊருக்குத் திரும்பிப் போய் வீட்டுக்குள் சத்தமில்லாமல் கும்பிட்டுக்கொள்ளேன்" என்று சொல்கிற வழக்கம் ஐரோப்பாவில் ரொம்ப நாள் இருந்தது. பாகிஸ்தானிலிருந்து ஜெர்மனிக்கு வந்த இரண்டு அஹ்மதிகளின் வழக்கில் 2012 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அப்படிச் சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வெளியில் நாலு பேர் பார்க்க வழிபடுவதும் நம்பிக்கையின் பகுதிதான் என்றது. ஒரு நாடு வெளியே கண்டன அறிக்கை விட்டுக்கொண்டே உள்ளே அதே மக்களின் புகலிட மனுவை நிராகரித்தால், எதிராளி அதை நன்றாகக் கவனிப்பான். நம் தூதரகத்தின் விசா கவுன்ட்டரில் நடப்பதும் வெளியுறவுக் கொள்கைதான்.

நம்புவது, நம்பாமலிருப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதை அப்படியே ஒப்பிப்பது அவர்களுக்குத்தான் கேடாக முடியும். ஃபாலுன் கோங் விஷயத்தில் பெருவாரியான கைதுகளும் தடுப்புக் காவல் சித்திரவதையும் நடந்தது பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. 2005-ல் சீனா போய் வந்த ஐ.நா. சித்திரவதை அறிக்கையாளர் மான்ஃப்ரெட் நோவாக், தன் அலுவலகத்துக்குச் சீனாவிலிருந்து வந்த புகார்களில் 66 சதவீதம் அவர்களைப் பற்றியது என்று பதிவு செய்திருக்கிறார். கைதிகளிடமிருந்து உறுப்புகளை வலுக்கட்டாயமாக எடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டின் நிலை வேறு. 2019-ல் லண்டனில் ஒரு தனியார் தீர்ப்பாயம் அது நடந்தது என்று முடிவு சொன்னது, 2021-ல் ஐ.நா. நிபுணர்கள் மிகுந்த கவலை தெரிவித்தார்கள், சீனா அடியோடு மறுக்கிறது, எவ்வளவு பெரிய அளவில் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. தூதர் ஒருவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எதிராளி இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதையும் சேர்த்துக் கழுவிவிடுவான். அதற்காக இரண்டாவதை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. இஸ்ரேல் 2008-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: சட்டவிரோதமாகப் பெற்ற உறுப்பை வெளிநாட்டில் பொருத்திக்கொண்டால் காப்பீட்டுப் பணம் கிடையாது. யாரையும் கண்டிக்கவில்லை, தன் பணம் அங்கே போவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

தடைகள் பற்றிச் சுருக்கமாக. நாட்டின் மீது ஒட்டுமொத்தத் தடை போட்டால் முதலில் பட்டினி கிடப்பது அந்தச் சிறுபான்மையும்தான். குறிப்பிட்ட அதிகாரிகள் மீது போடுவது பரவாயில்லை, ஆனால் திருப்பி அடிப்பார்கள் என்று தெரிந்து போட வேண்டும். 2021 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஷின்ஜியாங் தொடர்பாக 4 பேர் மீது தடை போட்டது, அன்றைக்கே சீனா ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் மீது போட்டது, அதன் விளைவாக ஒரு பெரிய முதலீட்டு ஒப்பந்தமே கிடப்பில் போனது. சின்ன நாடுகளால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் காம்பியாவைக் காட்டுவேன். சுமார் 25 லட்சம் மக்கள் தொகை, மியான்மரோடு எல்லையும் கிடையாது பெரிய வர்த்தகமும் கிடையாது. 2019 நவம்பரில் மியான்மரில் ஒடுக்கப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களுக்காக சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2020 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வாங்கினார்கள். இழக்க ஒன்றுமில்லாததே அவர்களுக்கு வசதியாகப் போனது.

கடைசியாக, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். ஆனால் "மனித உரிமை மீறலைக் கண்டிக்க வேண்டும்" என்று எழுதினால் "அரசு உன்னிப்பாகக் கவனித்து வருகிறது" என்று அச்சடித்த பதில் வரும், என்னிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கிறது. அந்தச் சமூகத்தின் பிரதிநிதிகளைத் தேடிப் பிடித்து, வெளியே சொல்ல அவர்கள் சம்மதித்த ஒரே ஒரு கைதியின் விவரத்தை வாங்குங்கள். நம் தூதரகத்திலிருந்து இவருடைய வழக்கு விசாரணைக்கு யாராவது போனார்களா, போகவில்லை என்றால் அடுத்த விசாரணைத் தேதி இது, போவார்களா என்று மட்டும் கேளுங்கள். அச்சடித்த பதில் இதற்குப் பொருந்தாது, யாராவது ஒருவர் உட்கார்ந்து தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் நீதிமன்ற வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பரவாயில்லை, வாசல் வரைக்கும் ஒரு தூதரக வண்டி வந்து நின்றதை உள்ளே நீதிபதிக்குச் சொல்லிவிடுவார்கள். தகப்பனார் பெயரை மறக்காமல் போடுங்கள்.